குழாய்களுக்குப் பெயர் வைத்தவள்

பிப்ரவரி 6

அன்புள்ள அம்மாவுக்கு,

பொறுப்புள்ள மகள் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அப்பா நலம், அத்தை ரொம்பவே நலம். அவர் குரல் நான்காவது மாடி வரைக்கும் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று பொய் சொல்வாய். அதனால் நேராக விசாரணைக்கு வருகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஒழுங்காகப் படிக்கிறாயா? கெட்ட சகவாசம் ஏதாவது உண்டா? நாற்பத்திரண்டு வயதுப் பிள்ளையை வெளியூருக்குப் படிக்க அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நீ மூன்றே கேள்விதான் கேட்கிறாய். சாப்பிட்டியா, படிச்சியா, அப்பா எங்கே. நான் வாயைத் திறப்பதற்குள் "குளிர் அறைல சொட்டு விழுது, வைக்கிறேன்" என்று ஓடிவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் அது காத்திருக்கும். என்னை மாதிரி கத்தாது.

போன வாரம் உயிரியல் டீச்சர் வகுப்பில் கேட்டார், "உங்கம்மா என்ன ஆராய்ச்சி பண்றாங்க?"

எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "கினிப்பன்றியோட அட்ரினல் சுரப்பில ஸ்டீராய்டு செய்யற ஒரு என்சைமோட குணத்தைக் கண்டுபிடிக்கிறாங்க டீச்சர்."

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "நல்ல குணமா, கெட்ட குணமா?"

"உன்னைவிடத் தேவலாமாம்" என்றேன். வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்தார். பிறகு என்னை வெளியே நிற்க வைத்தார். உன் ஆராய்ச்சிக்காக நான் பட்ட முதல் கஷ்டம் இது. குறித்துக்கொள்.

அப்பா பஸ்ஸை ஓட்டுகிற மாதிரியே வீட்டையும் ஓட்டுகிறார். சமையலறையில் மூன்று பேர் நின்றால் "உள்ள போங்க, உள்ள போங்க, வழில நிக்காதீங்க" என்கிறார். உள்ளே போனால் சுவர்தான் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம். அத்தை நேற்றுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னார், "நீ பொறந்ததாலதான்டி உங்கம்மா அன்னிக்குப் படிப்பைப் பாதியில விட்டா. இப்ப அந்த மீதிப் பாதியைத் தேடிக்கிட்டுப் போயிருக்கா." நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். அது உண்மையா? சும்மாதான் கேட்கிறேன். உனக்கு நேரம் இருந்தால் சொல்.

எப்போது வீட்டுக்கு வருவாய்? இதையும் சும்மாதான் கேட்கிறேன்.

உன் கண்டிப்பான காப்பாளர்,
வாலு


பிப்ரவரி 17

என் செல்ல வாலுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. விசாரணை அதிகாரிக்கு முதலில் பதில். சாப்பிடுகிறேன், பாதி நாள் நின்றுகொண்டே. படிக்கிறேன். கெட்ட சகவாசம் உண்டு, கினிப்பன்றிகளோடு.

அது பன்றி இல்லை. எலியின் தூரத்துச் சொந்தம், கொழுத்த பன் ரொட்டிக்கு மீசை முளைத்த மாதிரி இருக்கும். எலியையும் சுண்டெலியையும் வளர்ப்பது இதைவிடச் சுலபம். ஆனால் அவற்றின் அட்ரினல் நம்முடையது போலக் கார்ட்டிசாலைச் செய்வதில்லை, வேறொன்றைச் செய்கிறது. கினிப்பன்றி நம் கட்சி. கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் உன் இரத்தத்தில் ஏறும் சரக்குகளில் கார்ட்டிசாலும் ஒன்று. அதைச் செய்யும் வழியில் நிற்பதுதான் என் என்சைம்.

அங்கே இரண்டு வேலை நடக்கிறது. புரோஜெஸ்டிரோன் என்ற பொருளில் பதினேழாவது கார்பன் இருக்கும் இடத்தில் ஒரு கொக்கியை மாட்டுவது முதல் வேலை. அதே இடத்தில் தொங்கும் சின்ன வாலை வெட்டி, வேறு ஹார்மோனுக்கு வழி விடுவது இரண்டாவது வேலை. கொக்கி மாட்டும் என்சைம் வேறு, வால் வெட்டும் என்சைம் வேறு என்று எங்கள் சார் பல வருடங்களுக்கு முன்பே எழுதினார். லேபில் அவரைப் பெரியவர் என்றுதான் சொல்வோம். அந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டு என்பது எனக்கு அவர் கொடுத்த வேலை.

பிரிய மாட்டேன் என்கின்றன, கண்ணே. நான்கு டிகிரிக் குளிர் அறையில், இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நீளக் கண்ணாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக இறக்குகிறேன். ஒவ்வொரு சரக்கும் தன் தன் நேரத்தில் இறங்க வேண்டும். இவை இரண்டும் கைகோத்துக்கொண்டு ஒரே சொட்டில் இறங்குகின்றன. என்சைம் உயிரோடு இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் ஒளியில் வைத்துப் பார்ப்போம். நன்றாக இருந்தால் கருவி 450 என்ற இடத்தில் முகடு காட்டும். கெட்டுப்போனால் முகடு 420க்கு நகர்ந்துவிடும். போன மாதம் முழுவதும் 420.

ஜூலையில் ஆய்வுக்குழு கூடுகிறது. உருப்படியாக எதையாவது காட்டினால் இன்னும் ஒரு வருடம் கொடுப்பார்கள், பட்டமும் கிடைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். பக்கத்து மேஜைப் பையன் ஒல்லி, "ராசி இல்லக்கா" என்கிறான். பெரியவரோ என் கைகளைப் பார்க்கிறார்.

அத்தை சொன்னதற்கான பதில் ஒரு வரியில் அடங்காது. நிச்சயம் எழுதுகிறேன்.

அப்பாவிடம் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா


மார்ச் 1

குளிர் அறை மகாராணிக்கு,

கடைசியில் உன் என்சைம் ஃபோர் ட்வென்டி ஆகிவிட்டதா! கேட்டதும் அப்பா டீயைத் துப்பிவிட்டார். "நம்ம டிப்போலகூட நாலு பேர் அந்த நம்பர்லதான் இருக்காங்க, பாத்து நடந்துக்கச் சொல்லு" என்றார்.

அடுத்த கவலை. அது வாலை வெட்டுமாமே. உன் சொந்த மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் என்ன என்று உனக்கு நினைவிருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன். அவர்கள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு நிம்மதியாக இறங்குகிறார்கள். நீ எதற்கு நாடகத்தில் வரும் வில்லி மாதிரி குறுக்கே நின்று பிரிக்கப் பார்க்கிறாய்? பாவம் சும்மா விடாது.

ஜூலையில் நீ வந்துவிட்டால் நல்லதுதான். உன் அலமாரியில் என் பழைய புத்தகங்களை அடைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். நீ தோற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் தோற்றாலும் இங்கே ஒரு அலமாரி காலியாக இருக்கிறது.

கட்டடத்தில் ஒரு பரபரப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மாடிகளிலும் வாசல் செருப்புகள் எல்லாம் ஜோடி மாறிக் கிடந்தன. இரண்டாம் மாடி டாக்டர் ஒரு காலில் தன்னுடையதும் மறு காலில் நம் அத்தையுடையதுமாக ஆஸ்பத்திரி வரை போய்விட்டார். யார் செய்தது என்று இன்றுவரை தெரியவில்லை. கூட்டம் போட்டு விசாரித்தார்கள். நான்தான் டீ கொடுத்தேன். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை என்பதை மட்டும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அத்தை சொன்னதற்கு உன் பதில் வரவில்லை. நான் மறக்கவில்லை.

இப்படிக்கு,
வெட்டப்படாத வாலு


மார்ச் 14

என் செருப்புத் திருடிக்கு,

முதலில் கடன் பாக்கி.

பதினேழு வருடத்துக்கு முன்னால், வேறொரு லேபில், வேறொரு சார் எல்லோர் முன்னாலும் என்னிடம் சொன்னார். "உனக்குக் கை சரியில்லம்மா. இது கைவேலை. விட்டுடு." விட்டுவிட்டேன். நீ அப்போது என் வயிற்றில்கூட இல்லை. அத்தைக்கு இது தெரியாது, யாருக்கும் தெரியாது. நீ பிறந்ததால் என் படிப்பு நிற்கவில்லை. நின்ற பிறகு நீ வந்தாய். நீ வந்ததால்தான் அந்த வருடம் நான் நிற்காமல் நடந்தேன். போதுமா? இனி அத்தை பாத்திரம் தேய்க்கும்போது நீயும் ஒரு பாத்திரம் எடுத்துத் தேய். வாய் குறையும்.

இப்போது உன் வில்லி வேலை. நீ சிரிப்புக்கு எழுதினாய். நான் மூன்று மாதமாக எழுதத் துணியாமல் மனதில் வைத்திருந்தது அதுதான். பிரியவில்லை என்றால் என் கை சரியில்லை என்றே நினைத்தேன். பிரிப்பதற்கு அங்கே இரண்டு பேர் இல்லையோ என்று கேட்க இத்தனை நாள் ஆயிற்று. ஒரே ஆள் இரண்டு வேலையையும் செய்தால்?

பார்ப்பதற்கு ஒரு வழி உண்டு. என்சைமை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். எட்டுக் குழாய்களை எட்டு வேறு வேறு நேரம் சூடாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு வேலையும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டு என்சைம் என்றால் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் சாகும். ஒன்றுதான் என்றால் இரண்டு வேலையும் சேர்ந்தே படி இறங்கும்.

ஆனால் நான் ஆசைப்படுகிறேன், கண்ணே. ஆசைப்பட்ட கண் ஆசைப்பட்டதையே பார்க்கும். எந்தக் குழாய் எவ்வளவு நேரம் சூடானது என்று அளக்கும்போது எனக்குத் தெரியக் கூடாது. யாராவது அடையாளத்தை மாற்றி ஒட்டி, நான் அளந்து முடிக்கும் வரை வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஒல்லியால் முடியாது. சரியான குழாயைத் தொட்டால் அவன் மூச்சு விடுவதே மாறும். டீ கொடுத்துக்கொண்டே ஒரு கட்டடத்தை ஏமாற்றக்கூடிய முகம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது.

விடுமுறைக்கு வா. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. இது சரியாக வந்தால் நான் இன்னும் ஒரு வருடம் இங்கே. வராவிட்டால் ஜூலையில் வீட்டில். நீ ஒரே ஒரு பெயரை மாற்றிச் சொன்னால் போதும், யாருக்கும் தெரியாது, அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள். அது தெரிந்துதான் உன்னிடம் கொடுக்கிறேன்.

காத்திருக்கும்,
அம்மா


மே 12

அன்புள்ள அம்மாவுக்கு,

பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். ஜன்னலோர சீட். பக்கத்தில் ஒரு குறட்டை.

உன் லேபை நேரில் பார்த்த பிறகு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நான் ஏதோ பளபளவென்று இருக்கும் என்று நினைத்திருந்தேன். பெயிண்ட் உரிந்த கதவு, முனகுகிற ஃப்ரீசர், கால் ஆடும் ஸ்டூல், அதற்கு முட்டுக் கொடுத்த பழைய புத்தகம். அந்த அறைக்குள் நீ வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நுழைந்ததும் நடை மாறுகிறது, அம்மா. வீட்டில் கரண்டியைத் தேடிக்கொண்டு அலைகிற நடை இல்லை. அப்பாவிடம் நடந்து காட்டினேன். "உங்கம்மா கல்யாணத்துக்கு முன்னாடி இப்படித்தான் நடப்பா" என்றார். பிறகு சட்டென்று துணி காயப்போடப் போய்விட்டார். துணி ஏற்கெனவே காய்ந்திருந்தது.

கூண்டு அறையில் கேரட் பையின் சரசரப்பு கேட்டதும் அவை "வீக், வீக்" என்று கூப்பிட்டதை மறக்க முடியவில்லை. அன்று ஒல்லியைக்கூட உள்ளே விடாமல் நீ தனியாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். வெளியே வந்தபோது உன் கையில் ஐஸ் பெட்டி இருந்தது. அதில் அவற்றின் சுரப்பிகள். ஒரு சொட்டு சிந்தினாலும் நீ ஒல்லியைத் திட்டுவது ஏன் என்று அப்போது புரிந்தது. நான் விளையாடினால் வீணாவது உன் வருடம் மட்டும் இல்லை.

பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டது உனக்குத் தெரியாது. நீ கைகழுவப் போயிருந்தாய்.

"இந்தப் பொண்ணா அடையாளம் போடப் போவுது?"

"ஆமா சார்."

"விளையாட்டுப் பிள்ளைன்னு கேள்விப்பட்டேனே."

"ஆமா சார். அதனாலதான் விளையாட்டுல ஏமாத்துறவங்களை எனக்குப் பிடிக்காது."

"நம்பர் போட்டாப் போதாதா? எதுக்குப் பேரு?"

"நம்பருக்கு வரிசை இருக்கு சார். அம்மா மனசு வரிசைல ஓடிடும். கொசுவுக்கும் மாமியாருக்கும் என்ன வரிசை?"

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதுதான் அவர் சிரிப்பு என்று ஒல்லி சொன்னான்.

நீயும் ஒல்லியும் வெளியே நின்றபோது உள்ளே என்ன நடந்தது என்பது எனக்கும் ஃப்ரீசருக்கும்தான் தெரியும். ஒவ்வொரு நேரத்துக்கும் நீ இரண்டு குழாய் வைத்திருந்தாய், ஒன்று அளக்க, ஒன்று மாற்று. அளப்பதற்கு எட்டை எடுத்து, உன் எழுத்தைத் துடைத்துப் பெயர் ஒட்டிவிட்டேன். கொசு, பூரான், கஞ்சன், தூங்குமூஞ்சி, உளறுவாயன், மாமியார், மருமகள், கடன்காரன். மீதி எட்டையும் உன் எழுத்தை அழிக்காமல் அப்படியே மூட்டை கட்டி, டேப் சுற்றி, "தொட்டால் வால் முளைக்கும்" என்று எழுதி அடித்தட்டில் வைத்திருக்கிறேன். நான் சொல்லும்போதுதான் பிரிக்க வேண்டும். உன் எண்கள் எழுத்தில் வந்த பிறகுதான் யார் யார் என்று சொல்வேன். போனில் கேட்டால் "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அத்தை வந்ததிலிருந்து சமையலறைக் கரண்டிகள் அத்தனையும் இடம் மாறிவிட்டன. நீ வந்தால் எல்லாம் பழைய இடத்துக்குப் போய்விடும். இதை நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். யோசித்தேன், பஸ்ஸில் வழிநெடுக. குறட்டை வேறு தூங்கவிடவில்லை.

இப்படிக்கு,
ரகசியக் காப்பாளர்


ஜூன் 11

என் கண்ணுக்கு,

அளந்து முடித்துவிட்டேன். தனித்தாளில் எட்டுப் பேரின் எண்களும் இருக்கின்றன. கொசுதான் எல்லோருக்கும் மேலே. அடியில் கடன்காரன், கிட்டத்தட்ட பிணம். முதல் வேலையில் யார் எந்தப் படியோ, இரண்டாவது வேலையிலும் அவர் அதே படி. தூங்குமூஞ்சிக்குக் கொக்கி மாட்டுவதில் பாதி மிச்சம் என்றால், வால் வெட்டுவதிலும் பாதிதான் மிச்சம். அதைப் பார்த்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அது ஆடியதுகூடத் தெரியவில்லை.

ஆனால் ஒரு கேடு. எட்டு வேறு வேறு நேரம் என்றால் எட்டுப் படி இருக்க வேண்டும். எனக்கு ஏழுதான் வந்திருக்கிறது. மாமியாரும் மருமகளும் ஒரே படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரண்டு வேலையிலும், மயிரிழை வித்தியாசம்கூட இல்லாமல். உலகத்தில் எங்கே நடக்கும் இது? அளந்ததில் எங்கோ சறுக்கியிருக்கிறேன். ஒரே குழாயிலிருந்து இரண்டு முறை எடுத்தேனோ என்னவோ. ஒன்று தவறு என்றால் மற்ற ஆறையும் யார் நம்புவார்கள்?

ஒல்லி எனக்காக மனம் கசிந்து, "அக்கா, மருமகளை வீட்டை விட்டு அனுப்பிடுங்க. ஏழு மட்டும் காட்டுங்க, யார் கேக்கப்போறா" என்றான். நல்ல பிள்ளை, நல்லதுக்குத்தான் சொன்னான். நான் எட்டையும் அப்படியே எழுதிப் பெரியவர் மேஜையில் ஒரு பிரதி வைத்துவிட்டேன். அவர் அந்த இரண்டு எண்களிலும் விரலை வைத்து, என்னை நிமிர்ந்து பார்த்தார். பழைய சார் சொன்ன சொல் இந்தச் சார் வாயிலிருந்து வரவில்லை. ஆனாலும் எனக்குக் கேட்டது.

ஆகவே ஜூலையில் வீட்டுக்கு வந்துவிடுவேன் போலிருக்கிறது. அலமாரி இன்னும் காலிதானே?

நீ ஒன்றும் தப்பு செய்யவில்லை. உன்மேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

அம்மா


ஜூன் 15

அம்மா,

முழுக்க வாசி. நடுவில் அழுதுவிட்டு வைத்துவிடாதே.

உன் கடிதத்தில் "வீட்டுக்கு வந்துவிடுவேன்" என்ற வரிதான் முதலில் கண்ணில் பட்டது. குதித்தேன். கீழ்வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். பிறகு உட்கார்ந்து முதலிலிருந்து வாசித்தேன். நான் பதிலே எழுதாமல் இருந்தால் போதும் என்று தெரிந்தது. பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாலே நீ வந்துவிடுவாய்.

கை சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவாய். அந்த அம்மா எனக்கு வேண்டாம்.

மாமியாரும் மருமகளும் ஒரே ஆள்.

ஆமாம். பத்து நிமிடம் சூடாக்கிய இரண்டு குழாய்களையும் நான்தான் எடுத்தேன். ஒன்றுக்கு மாமியார், ஒன்றுக்கு மருமகள். பதினைந்து நிமிடக் குழாயில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. உலகத்திலேயே ஒரே எண் வரும் என்று நீ சந்தேகப்படவே மாட்டாத இரண்டு பெயர் வேறு எது? உன்னை ஏமாற்ற இல்லை. மார்ச்சில் நீ எழுதியதை வாசித்ததிலிருந்து அந்தப் பழைய சார்மேல் எனக்குத் தீராத கோபம். கை சரியில்லாதவர் ஒரே சரக்கை இரண்டு பெயரில் கொடுத்தால் இரண்டு எண் சொல்வார். நீ ஒரே எண் சொன்னாய். இரண்டு வேலையிலும். தெரியாமலே. பயந்துகொண்டே. ஒல்லி ஒன்றைத் தூக்கி எறியச் சொன்னபோதும் எறியாமல்.

நான் சொல்வதை யாரும் நம்ப வேண்டாம். பெரியவரைக் கூப்பிட்டு, அவர் எதிரில் அந்த மூட்டையைப் பிரி. உன் எழுத்து அப்படியே இருக்கும். பத்து நிமிடம் ஒன்றுகூட இருக்காது. பதினைந்து நிமிடம் இரண்டு இருக்கும். மற்ற ஆறும் ஒவ்வொன்று.

மீதிப் பேரின் நேரங்களைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கொசுவை நீ சூடாக்கவே இல்லை. கடன்காரனைத்தான் ரொம்ப நேரம் வேகவைத்தாய். உன் படிகளை நான் என் கணக்கோடு சேர்த்துப் பார்த்தேன். ஒரு படிகூடத் தப்பவில்லை. கணக்கில் எனக்கு எப்போதும் வராத விடை இதில் வந்திருக்கிறது. டீச்சரிடம் காட்டலாமா?

எங்கள் தமிழ் டீச்சர் இதைக் கேட்டால், ஒரே என்சைம் இரண்டு வேலை செய்கிறது, அதுபோலத்தான் அம்மாவும் என்று உடனே உவமை சொல்லிக் கண்கலங்குவார். நீ அப்படி எதுவும் எழுதித் தொலைக்காதே. என்சைமை நிம்மதியாக என்சைமாக இருக்க விடு.

அப்பா முதல் டிரிப்புக்குப் போகும்போது இதைத் தானே கொண்டுபோய்த் தபாலில் சேர்க்கிறேன் என்கிறார். வாசலில் நின்று ஹாரன் அடிக்கிற மாதிரி வாயால் அடிக்கிறார். முடிக்கிறேன்.

உன்,
வாலு


ஜூலை 21

என் மகளுக்கு,

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். உணர்ச்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

உன் கடிதம் வந்த அன்றே பெரியவரைக் கூப்பிட்டு மூட்டையைப் பிரித்தேன். "தொட்டால் வால் முளைக்கும்" என்பதை அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு, "நீங்களே பிரிங்கம்மா" என்று என்னிடம் கொடுத்தார். உள்ளே இருந்தவை நீ சொன்ன மாதிரியே. பத்து இல்லை, பதினைந்து இரண்டு. அவர் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு தன் அறைக்குப் போனார். ஒல்லி என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கி, என் விரல்களுக்கு வலிக்க வைத்துவிட்டான்.

ஆய்வுக்குழுவில் ஐந்து பேர். கினிப்பன்றியின் அட்ரினலில் கொக்கி மாட்டுவதும் வால் வெட்டுவதும் ஒரே என்சைம்தான் என்று நினைக்கிறேன் என்றேன். எட்டுப் படி காட்டாமல் ஏழு படியையும் ஒரு ஜோடியையும் காட்டினேன். ஓரத்தில் இருந்தவர் கேட்டார், "அளந்தது நீங்க. நம்புறதுக்கு என்ன ஆதாரம்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியவர் எழுந்தார். "அந்தம்மாவுக்குத் தெரியாம ஒரே சாம்பிளை ரெண்டு பேர்ல கொடுத்திருக்காங்க. ரெண்டுக்கும் ஒரே நம்பர் சொல்லியிருக்காங்க. என் லேப்ல இந்தக் கை வேற யாருக்கும் இல்ல. எனக்கும் இல்ல."

பிறகு உட்கார்ந்துகொண்டு, "ரெண்டு என்சைம்னு எழுதினது நான்தான். இன்னும் முழுசா ஒத்துக்கல. வேற லேப் ஒண்ணு செஞ்சு பார்க்கட்டும். ஆனா இதை எழுதி அனுப்பணும்" என்றார். அவ்வளவுதான் வந்தது அவரிடமிருந்து. அவர் அதற்குமேல் கொடுக்கிறவர் இல்லை. எனக்கு அது போதும்.

கட்டுரையின் முடிவில் நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயரைப் போட வேண்டும் என்றேன். "வாலுன்னா போடுறது?" என்றார். பள்ளிக்கூடத்துப் பெயரைக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் கேட்டிருக்கிறேன். என் கை சரியாக இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது, அதை எடுத்துக்கொண்டு நான் எங்கேயும் வரலாம். அங்கேயும் வரலாம். இது அப்பாவைக் கேட்டு எடுக்கும் முடிவு இல்லை. அவர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்றுதான் சொல்வார். உன்னைக் கேட்கிறேன். வா என்றால் வந்துவிடுகிறேன். வருத்தமே இருக்காது. சத்தியமாக.

உன்னைப் பெற்றதற்குப் பெருமைப்பட எனக்கு ஏற்கெனவே நிறையக் காரணம் இருந்தது. இப்போது வைக்க இடமில்லை.

அம்மா


ஜூலை 24

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதம் வந்ததும் சத்தமாக வாசித்தேன். அப்பா "அந்த இடத்தை மறுபடி படி" என்றார். படித்தேன். "இந்தக் கை வேற யாருக்கும் இல்ல" என்ற இடத்தை மூன்று முறை படிக்க வைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு டிப்போவுக்குக் கிளம்பினார். அன்று அவருக்கு லீவு. "பின்ன எதுக்குப் போறீங்க?" என்று கேட்டேன். "சும்மா, நாலு பேரைப் பாத்துட்டு வரேன்" என்றார்.

அத்தை நான்கு மாடிக்கும் செய்தி வாசித்துவிட்டார். "எங்க தம்பி பொண்டாட்டி ஒரே மருந்து ரெண்டு வேலை பாக்கும்னு கண்டுபிடிச்சிருக்கா." மருந்து இல்லை, என்சைம் என்று திருத்தினேன். "எல்லாம் ஒண்ணுதான், நீ சும்மா இரு" என்றார். இரண்டாம் மாடி டாக்டர் மாத்திரையின் பெயர் கேட்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் என்னைப் பலகையில் உன் படிகளை வரையச் சொன்னார். வரைந்தேன். கடைசி பெஞ்சுக்காரி "அப்போ நல்ல குணம்தானா?" என்று கேட்டாள். கிண்டலாக இல்லை, நிஜமாகவே. நான் பதில் யோசித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அந்த வியாதி வந்ததே இல்லை. "அம்மா இன்னும் பாத்துக்கிட்டிருக்காங்க. முடிச்சதும் சொல்லுவாங்க" என்றேன்.

அதனால் போய் முடி. வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், வியாழக்கிழமையே கையெழுத்துப் போடு. வருத்தமே இருக்காது என்று நீ எழுதியிருக்கிறாய். கொசு, பூரான், கஞ்சன் எல்லோரையும் மயிரிழை தப்பாமல் அளக்கத் தெரிகிறது, ஒரு பொய் மட்டும் உனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை.

போனில் குரலைக் கேட்டு நீ எதையாவது கண்டுபிடிப்பாய் என்பதால் இந்த வாரம் கூப்பிடாதே. அழுது முடித்துவிட்டேன், உன் பங்கையும் சேர்த்து. உனக்கு மிச்சம் எதுவும் வைக்கவில்லை. நீ நேராகக் குளிர் அறைக்குப் போகலாம்.

ஸ்வெட்டர் இரண்டு போதாது. மூன்றாவது பார்சலில் வருகிறது.

உன்னைப் பெற்றவளைவிடப் பெருமையோடு,
உன் மகள்